தானே ஏறி வரும் தண்ணீர்

அக்கா தண்ணீரைத் திட்டவில்லை.

கதவைத் திறந்து "வா பாப்பா" என்றாள். தங்கையின் தோள்பையை வாங்கி நாற்காலியில் வைத்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவ்வளவுதான். இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அக்கா டம்ளரைச் சும்மா நீட்டியதே கிடையாது. "இந்தா, உங்க ஆபீஸ் தண்ணி. குடிச்சிட்டு உயிரோட இருந்தா சொல்லு" என்பாள். சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பாகிவிட்டது என்று வாராவாரம் போனில் ஒரு பாட்டம் புலம்பித் தீர்ப்பாள். தங்கை குடிநீர்த் தர ஆய்வாளர் என்பதால், பூமிக்கு அடியில் இருக்கும் பாறைக்கும் அவளே பொறுப்பு என்பது போல ஏசுவாள்.

அந்தப் புலம்பல் நின்றுபோய்ச் சில மாதங்களாகிவிட்டன. அக்கா மட்டுமல்ல, இந்தக் குடியிருப்பிலிருந்து யாருமே புகார் சொல்லவில்லை. நகரத்தின் பெரிய குழாய் எட்டாத சின்னச் சின்னக் குடியிருப்புகள்தான் ஆய்வாளரின் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆழ்குழாய்க் கிணறு, ஒரு மோட்டார் அறை, ஒரு மேல்நிலைத் தொட்டி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு மோட்டார்காரர். அவற்றிலேயே அதிகம் சண்டை போடுவது இந்தக் குடியிருப்புதான். மழை பெய்தால் கலங்கல், வெயில் அடித்தால் உப்பு, இரண்டும் இல்லாத நாளில் நாற்றம். அப்படிப்பட்ட இடம் திடீரென்று வாயை மூடிக்கொண்டதில் அலுவலகத்தில் எல்லோருக்கும் நிம்மதி. வேறு பகுதிக்கு அனுப்பப்பட்டு, இந்த வாரம்தான் திரும்பி வந்திருந்த அவளுக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. விடாமல் அழுதுகொண்டிருக்கும் குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கத் தோன்றுமே, அப்படி.

"தண்ணி எப்படிக்கா இருக்கு இப்ப?"

"தண்ணிக்கென்ன, நல்லா இருக்கு. குடி."

அவள் டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தாள். சோதிக்காத தண்ணீரை அவள் குடிப்பதில்லை. தொழில் தந்த பழக்கம். தன் கல்யாணத்தன்றே மண்டபத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினாள் என்று அத்தான் இன்றைக்கும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது சுத்தப் பொய். சோதித்தது முந்தின நாள்.

அத்தான் உள்ளறையிலிருந்து வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடே, ஆபீசரம்மா! டம்ளரை வெச்சுட்டீங்களா? நான் சொல்லல, இவங்க கல்யாணத்தன்னிக்கே..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நீளமாக வெளியே வந்தது. பிறகு, எதையும் விட்டுவிட்டதாகவே தெரியாமல், அதே மலர்ந்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வேடிக்கைக் கதையை எத்தனை பேர் முகம் சுளித்தாலும் கடைசிவரை சொல்லாமல் விடாத மனிதர். அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள், கதை முழுவதையும் கேட்டுவிட்டவளைப் போல.

சமையலறைக்குள் போனதும் அவளுக்கு முதலில் தெரிந்தது வெளிச்சம்தான். பாத்திரம் கழுவும் தொட்டி பளபளத்தது. குழாயிலிருந்து வடிகால்வரை பழுப்பாக ஓடும் இரும்புக் கறை, எந்தப் பொடிக்கும் அசையாதது, இல்லை. குழாயின் மூக்கில் சுண்ணாம்பு மாதிரிக் கட்டியாகப் படிந்திருக்கும் வெள்ளை உப்பு, கத்தியால் சுரண்டினால்தான் கொஞ்சம் உதிரும், அதுவும் இல்லை. உலோகம் புதிதாக இருந்தது. யாரோ உட்கார்ந்து பொறுமையாக நக்கி எடுத்தது போல.

"ஆசிட் போட்டுத் தேய்ச்சியாக்கா?"

"நான் ஏன் தேய்க்கணும்? அதுவா போயிடுச்சு."

பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் உப்பு அதுவாகப் போகாது. அவள் ஜன்னலைத் திறந்தாள். வெளியே அக்காவின் தொட்டிச் செடிகள் வரிசையாக நின்றன. பெற்ற பிள்ளையைவிட அவற்றைத்தான் அதிகம் கொஞ்சுகிறாள் என்று அத்தான் கேலி செய்யும் செடிகள். எல்லாம் காய்ந்து, இலை சுருண்டு, மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்தலையா?"

"மனசு வரல பாப்பா. இந்தத் தண்ணியைப் போய் மண்ணுல ஊத்துறதா?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. கைக்குழந்தையைத் தரையில் போடச் சொன்னால் ஒருத்தி எப்படித் தயங்குவாளோ அப்படி இருந்தது.

அவள் கையோடு கொண்டுவந்திருந்த சோதனைப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடிக் குழலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். விரல்களுக்கு அது இதமாக இருந்தது. வெயிலில் காய்ந்த குழாயின் சூடு இல்லை. அடுப்பில் வைத்த சூடும் இல்லை. காய்ச்சல் இல்லாத ஒருவரின் நெற்றியைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீரில் கொஞ்சமாவது குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரவேண்டும். வரவில்லை. மருந்து கெட்டுப்போய்விட்டதோ என்று பெட்டியில் இருந்த குளோரின் கரைசலில் கொஞ்சம் எடுத்து அதே குழலில் விட்டாள். பளிச்சென்று மஞ்சள் எழுந்தது. அப்பாடா என்று குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. மேலே மேலே ஏறி, கடைசியில் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாக நின்று, மறைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டாள். அதுவும் போயிற்று. கையில் இருந்த கரைசல் முழுவதையும் ஊற்றினாள். ஒரு கிராமத்துக்கே போதுமான மருந்து. சின்னக் குழல் அதை விழுங்கிவிட்டுத் தெளிவாக நின்றது.

அழுகிய பொருள் கலந்த தண்ணீர்தான் குளோரினை இப்படித் தின்னும். ஆனால் அழுகல் இருந்தால் நிறம் இருக்கும், நாற்றம் இருக்கும். இது கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. குழலை மூக்கருகே கொண்டுபோனாள். மிக மெல்லிய வாசனை. எங்கேயோ பழகியது. என்னவென்று பிடிபடவில்லை.

அப்போது அவள் இடுப்பருகே ஒரு சத்தம் கேட்டது.

அக்காவின் மகள், எல்லோரும் சின்னது என்று கூப்பிடும் வாண்டு, எப்போது வந்தாளோ தெரியவில்லை. சித்தி வந்தால் முதலில் அவளுடைய பையைத்தான் கவிழ்ப்பாள், மிட்டாய்க்காக. இன்று பையின் பக்கமே போகவில்லை. ஒரு முக்காலியில் ஏறி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழாயின் வாயைத் தன் வாயால் கவ்வியிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. தொண்டை ஏறி இறங்கியது. ஆனால் தண்ணீர் விழும் ஓசை இல்லை. சித்தி குழாயின் திருகைப் பார்த்தாள்.

மூடியிருந்தது.

"அக்கா, இவளைப் பாரேன்!"

"விடு, குழந்தைதானே. பழகிடுச்சு."

அவள் சின்னதின் தோளைப் பிடித்து மெல்ல இழுத்தாள். உதடு குழாயிலிருந்து பிரிந்தபோது ஒரு சின்ன முத்தச் சத்தம் கேட்டது. "சித்தி" என்று சிரித்துவிட்டுக் குழந்தை முக்காலியிலிருந்து இறங்கிப் போனது. குழாயின் வாய் ஈரமாக இருந்தது. அவள் தன் சுட்டுவிரலை அதனடியில் வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடான காற்று விரல்மேல் வந்து பட்டது. பிறகு நின்றது. பிறகு விரல்நுனியின் தோல் மெதுவாக உள்ளே இழுபட்டது.

விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால் காற்று வாங்கும். எல்லாக் குழாயும் வாங்கும். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். அவள் அதைத் தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள்.

"மோட்டார் எப்பக்கா போடுறாங்க?"

"மோட்டாரா?" அக்கா யோசித்தாள், மறந்துபோன உறவுக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்டது போல. "யாரு போடுறா? எப்ப திறந்தாலும் வருதே."

மோட்டார் அறை தெருக் கடைசியில் இருந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெயில் தாழ்ந்து, சுவர்களின் நிழல் தெருவுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. இந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு வீட்டில் தொலைக்காட்சி அலறும், ஏதாவது ஒரு மாடியில் மாமியார் மருமகள் பஞ்சாயத்து நடக்கும், துணி துவைக்கும் சத்தமாவது கேட்கும். இன்று கேட்டது காற்றுச் சத்தம் மட்டும். திறந்த கதவுகளுக்குள்ளிருந்து மெதுவாக, நீளமாக வந்து, சற்று நின்று, மறுபடி உள்ளே போகும் ஒரு சத்தம். அவள் பாதித் தெருவைக் கடந்த பிறகுதான் கொடியில் காய்ந்த துணிகளைக் கவனித்தாள். ஒரு துணியும் ஆடவில்லை.

ஒரு கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். கூடத்தில் ஒரு குடும்பமே தரையில் உட்கார்ந்திருந்தது. தூங்கவில்லை. பேசவில்லை. அவளைப் பார்த்ததும் எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். ஒன்றாகச் சிரித்தார்கள்.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மோட்டார் அறையின் பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே இருட்டாக, இதமாக இருந்தது. கிரீஸ் நாற்றமும் குளோரின் நெடியும்தான் அந்த அறையின் அடையாளம், இரண்டும் இல்லை. குளோரின் கரைக்கும் பீப்பாய் காய்ந்து, அடியில் வெள்ளைப் பொறுக்கு தட்டியிருந்தது. மோட்டார் ஸ்விட்சின் குறுக்கே சிலந்தி வலை. வலையும் பழையது, தூசி படிந்து தொங்கியது. ஆனால் அறையிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் பெரிய குழாயில் கை வைத்தால் உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. விட்டுவிட்டுப் போனது. ஒரு உந்தல். ஓய்வு. ஒரு உந்தல்.

மோட்டார்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். கிணற்றின் இரும்புக் குழாய் தரைக்குமேல் இடுப்பளவு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அதில் கன்னத்தைச் சாய்த்தபடி. வயதானவர். முட்டிவலியைப் பற்றி ஆரம்பித்தால் ஆளைப் போகவிடமாட்டார்.

"அண்ணே, என்ன இங்க உக்காந்திருக்கீங்க? மோட்டார் எப்ப கடைசியா ஓடிச்சு?"

"தேவையில்ல மேடம்." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அதுவா ஏறி வருது."

"குளோரின்?"

"போட்டேன். அதுக்குப் பிடிக்கல."

"எதுக்குப் பிடிக்கல?"

அவருடைய நெஞ்சு ஏறியது. இறங்கியது.

பயந்தால் வேலையில் இறங்கிவிடுவது அவள் வழக்கம். பெட்டியிலிருந்து நீர்மட்டம் அளக்கும் நாடாவை எடுத்தாள். நுனியில் ஒரு உலோகக் குண்டு. அது கிணற்றுக்குள் தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று கத்தும். கிணற்று மூடியில் இருந்த சின்னத் துளையின் திருகைக் கழற்றினாள்.

காற்று வெளியே வந்தது. அவள் முகத்தின் மேலேயே வந்தது. அப்போதுதான் அந்த வாசனை எது என்று தெரிந்தது. தூங்கி எழுந்த குழந்தை முகத்துக்கு நேராகக் கொட்டாவி விடும்போது வருமே. பாலும் எச்சிலும் தூக்கமும் கலந்த வாசனை. வாயின் வாசனை.

காற்று நின்றது. உள்ளே திரும்பியது. அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி துளையை நோக்கி நீண்டது.

நாடாவை இறக்கினாள். இந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருக்கும் சுருள் பெரும்பாலும் காலியான பிறகுதான் குண்டு கத்தும். குண்டு துளைக்குள் மறைந்த உடனே கத்தியது. அவள் திடுக்கிட்டு நாடாவைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். நிற்கவில்லை. இன்னும் தூக்கினாள். நிற்கவில்லை. தண்ணீர் குண்டோடு சேர்ந்தே ஏறி வந்துகொண்டிருந்தது. துளைக்கு மிக அருகில், இருட்டில், ஏதோ மினுங்கியது.

பிறகு நாடா லேசாக இழுபட்டது.

மீன் இழுப்பது போல வெடுக்கென்று அல்ல. என்னைப் பார் என்று சட்டை நுனியைப் பிடித்துக் குழந்தை இழுப்பது போல. ஒரு முறை. பதிலுக்குக் காத்திருப்பது போல ஒரு இடைவெளி. மறுபடி ஒரு முறை.

அவள் கையை விட்டாள். நாடா அவசரமில்லாமல் துளைக்குள் போயிற்று. சுருள் சுற்றிச் சுற்றிக் காலியாயிற்று. கடைசி நுனியும் போன பிறகு, கீழே எங்கேயோ வெகு ஆழத்தில், பீப் சத்தம் சின்னதாகிக்கொண்டே போய் அடங்கியது.

மோட்டார்காரர் புன்னகைத்தார்.

அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மேலதிகாரியே எடுத்தார். நல்ல மனிதர். எதற்கும் இரண்டு கையெழுத்து கேட்பவர், பயந்த சுபாவம்.

"சார், நான் மோட்டார் ரூம்ல இருக்கேன். இங்க குளோரின் நிக்கவே மாட்டேங்குது. மோட்டார் ஓடாம தண்ணி ஏறுது. வால்வை மூடப்போறேன். லாரித் தண்ணிக்கு ஏற்பாடு பண்ணுங்க."

"எதுக்கும்மா மூடணும்?"

"சார், நான் சொன்னது கேக்குதா? கிணத்துல என்னவோ இருக்கு."

"அந்தத் தண்ணியோட லேப் ரிசல்ட் எல்லாம் நான் பார்த்தேனே. கிருமி இல்ல. உப்பு இல்ல. இரும்பு இல்ல. ஒண்ணுமே இல்ல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு தண்ணி பார்த்ததில்லம்மா."

"ஒண்ணுமே இல்லாத தண்ணி பூமிக்குள்ள ஏது சார்?"

"குடிச்சுப் பார்த்தா நீயே சொல்லுவ. நாங்க இங்க அதைத்தானே குடிக்கிறோம். கேன்ல வருதே, பார்க்கலையா?"

பார்த்திருந்தாள். நடையில் அடுக்கியிருந்த நீலக் கேன்கள். அதைச் சுற்றி டம்ளரும் கையுமாக நின்ற டைப்பிஸ்ட், டிரைவர், பரிசோதனைக்கூடத்து ஆட்கள் எல்லோரும். இடமாற்றம் முடிந்து திரும்பிய அன்று எல்லோரும் அவளைப் பார்த்து ஒன்றாகச் சிரித்தார்கள். நம்மை இவ்வளவு தேடியிருக்கிறார்களே என்று அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டில் கையில் இருந்ததால், நீட்டிய டம்ளரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

"சார்?"

போனில் மூச்சு கேட்டது. நீளமாக உள்ளே. அவள் எதிரே துளையில் காற்று உள்ளே போயிற்று. நீளமாக வெளியே. துளையிலிருந்து வெளியே. தரையில் மோட்டார்காரரின் நெஞ்சு இறங்கியது. வெளியே, தெருவெல்லாம் திறந்து கிடந்த கதவுகளிலிருந்து, அந்தக் காற்றுச் சத்தம்.

எல்லாம் ஒன்று.

போனைச் சட்டைப்பையில் போட்டாள். அணைக்கக் கை வரவில்லை. ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் மூடலாம்; அவளுடைய வேலையில் அவளுக்கு இருந்த ஒரே பெரிய அதிகாரம் அது. இதுவரை பயன்படுத்தியதில்லை. கிணற்றிலிருந்து வரும் குழாயில் வண்டிச் சக்கரம் போல ஒரு இரும்புத் திருகு. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"மூடாதீங்க மேடம்" என்றார் மோட்டார்காரர். எழுந்திருக்கவில்லை, தடுக்கவில்லை. "பாவம்."

திருப்பினாள். இரும்பு முனகியது. உள்ளங்கை எரிந்தது. அக்கா. அத்தான். சின்னது. இந்தத் தண்ணீர் இனி ஒரு சொட்டு அவர்கள் வாயில் படக்கூடாது. திருகு இறுகி நின்றது. இன்னும் ஒரு முறை தன் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள்.

குழாயில் உந்தல் நின்றது.

தெருவில் சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அறைக்கு வெளியே வந்தாள். மாலை வெயில் செங்கல் நிறத்தில் தெருவெங்கும் விழுந்திருந்தது. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஓடவில்லை. கத்தவில்லை. இரண்டு பக்கமும் சுவரோரமாக வந்து நின்றார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். இந்தத் தெருவில் சண்டை பழகியதுதான்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். "லாரி வரும். எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணி வரும். இந்தத் தண்ணி மட்டும்..."

யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எல்லோரும் வாயைத் திறந்திருந்தார்கள். கூட்டத்தில் அத்தான் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. பக்கத்தில் நின்றவருடைய உதடும். அதற்கு அடுத்தவருடையதும்.

ஒரு நெஞ்சும் அசையவில்லை.

அவளுக்குப் பின்னால், அறைக்குள், மோட்டார்காரர் பக்கவாட்டில் சரிந்து விழும் சத்தம் கேட்டது. சட்டைப்பையில் இருந்த போனில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. ஏதோ மரத்தை நகத்தால் பிறாண்டும் ஓசை.

"அக்கா! மூச்சு விடு! மூச்சு விடுக்கா!"

அக்கா அவளை நோக்கி ஓர் அடி வைத்தாள். கண்கள் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போதும் முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சல்தான். கை நீண்டு அவளைத் தாண்டி அறையைக் காட்டியது. திற. மடங்கி உட்கார்ந்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து சின்னது வந்தது. இரண்டு கையும் தொண்டையில். மூன்றடி நடந்து முகங்குப்புற விழுந்தது.

அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். உடம்பு கனத்தது. ஒரு குழந்தை இவ்வளவு கனக்காது. மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். மூச்சு உள்ளே போகவில்லை. நிரம்பிய பாட்டிலுக்குள் ஊதியது போலத் திரும்பி வந்தது. மறுபடி ஊதினாள். திரும்பி வந்தது. அவள் உதடு நனைந்தது. நாக்கில் பட்டது.

இனித்தது.

அதைத் துப்பவும் நேரமில்லை. குழந்தையின் நகமெல்லாம் கருநீலம். தெருவில் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். யாரோ பெரியவர். யாரோ கைக்குழந்தையோடு ஒருத்தி. சத்தமே இல்லாமல். தொப். தொப்.

வேறு வழியே இல்லை.

அறைக்குள் ஓடினாள். சக்கரத்தைப் பிடித்தாள். இறுக மூடியது தன் கைதான். இப்போது அசையமாட்டேன் என்றது. அழுதாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கிழிந்தது. அசைந்தது. இன்னும். இன்னும். முழுக்கத் திறந்தாள்.

குழாய் உந்தியது.

தெருவெல்லாம் ஒரே மூச்சாக உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்தில் அறையின் கதவு தானாகச் சாத்திக்கொண்டு மறுபடி திறந்தது. போனில் மேலதிகாரி இருமினார். மோட்டார்காரர் புரண்டு படுத்தார். அவள் தடுமாறிக்கொண்டு வெளியே ஓடி, சின்னதின் பக்கத்தில் விழுந்து, அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. அந்தச் சின்ன நெற்றியில் தன் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சித்தி."

சின்னதின் குரல்தான். ஆனால் எங்கிருந்து வந்தது? உதடு அசையவில்லையே. அவள் நிமிர்ந்தாள்.

தெருவில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். அக்கா, அத்தான், பெரியவர், கைக்குழந்தைக்காரி, எல்லோரும் தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து. ஒவ்வொரு வாயிலும் பல்வரிசையின் விளிம்புவரை தண்ணீர். வழியவில்லை. அசைவில்லை. மாலை வெளிச்சம் தெருநெடுக, வாய்க்கு வாய், வட்ட வட்டமாக மின்னியது.

அவள் மடியைப் பார்த்தாள்.

சின்னதும் வாயைத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் நிரம்பியிருந்தது. மூச்சுக்கு ஏறி, மூச்சுக்கு இறங்கியது. நாக்கு தெரியவில்லை. தொண்டை தெரியவில்லை. கிணற்றுக்குள் குனிந்து பார்த்தது போல, கறுப்பாக, நேராக, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது ஆழம்.

"சித்தி."

அந்த ஆழத்தின் அடியிலிருந்து வெள்ளையாக, சின்னதாக ஒன்று, அவளைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தது.